மாதிரி வரும் வழி

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் அமைந்திருக்கும் கண்ணமங்கலத்தில் பிறந்தவர்களுக்கு, வைத்தியம் என்றால் வடக்கே போவது என்ற எண்ணம் சிறு பிராயத்திலேயே படிந்துவிடும். உள்ளூர் மருந்துக்கு அடங்காத காய்ச்சலும், காரணம் புலப்படாத சோகையும், நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போகும் குழந்தையும் கடைசியில் வேலூர்ப் பேருந்தில் ஏறியே தீரவேண்டும். அப்படிப் போனவர்களின் ரத்தமும் சளியும் ஏதோ ஒரு குழாயில் அடைபட்டு, ஏதோ ஓர் அறைக்குள் சென்று, இரண்டொரு நாளில் ஒரு காகிதமாகத் திரும்பி வருவதை விளங்காத ஆச்சரியத்தோடு பார்த்து வளர்ந்த நான், அந்த அறைக்குள் நடப்பது என்ன என்று அறியும் ஆவல் மேலிட்டே, உயிர்வேதியியலில் பட்டம் பெற்ற பின், மூலக்கூற்று நோயறிதல் என்று இன்று வழங்கும் துறையில் மேற்படிப்புக்குச் சேர்ந்தேன்.

இத்துறையில் தொழில் செய்தும், பின்னர் மாணவர்களுக்குக் கற்பித்தும் வந்திருக்கும் எனக்கு ஒரு விஷயம் வருஷத்துக்கு வருஷம் உறுதிப்பட்டு வருகிறது. நம்முடைய பாடத்திட்டங்கள் இயந்திரத்தில் தொடங்கி இயந்திரத்திலேயே முடிகின்றன. நோயறிதலோ, மாதிரி மனித உடம்பிலிருந்து பிரியும் கணத்தில் தொடங்கி, அதன் முடிவு அதே மனிதரின் காதில் அவருக்கு விளங்கும் சொற்களாக விழும்போதுதான் நிறைவு பெறுகிறது. இந்த நீண்ட வழியின் நடுப்பகுதியை மட்டும் கற்றுக்கொண்டு வெளிவரும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே கவலை உண்டாகிறது.

வேலூரைச் சுற்றியுள்ள பூமியில் இப்படிப்பைப் படிப்பவனுக்கு முன்மாதிரி தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய சிகிச்சைப் பணி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகி, பின்னர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்த வரலாறு இப்பக்கத்து மக்களுக்குத் தெரிந்ததே. ஆனால் 1986-ஆம் ஆண்டில் நிகழ்ந்த இன்னொரு வரலாற்றை என் மாணவர்களில் அநேகர் அறியாதிருக்கிறார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு மாணவியாயிருந்த செல்லப்பன் நிர்மலா, தம் பேராசிரியை சுனிதி சாலமனின் யோசனையை ஏற்று, பாலியல் தொழிலில் அகப்பட்டிருந்த பெண்களைத் தாமே நேரில் தேடிச் சென்று பேசி, ரத்தம் எடுத்து, அதிலிருந்து சீரத்தைப் பிரித்து, குளிர் குன்றாமல் பெட்டியில் வைத்து, ரயிலேறிக் காட்பாடி வந்து இறங்கி, வேலூரில் ஜேக்கப் ஜான் அவர்களின் வைரஸ் ஆய்வுக்கூடத்தில் எலைசா முறையில் சோதித்தார். ஆறு மாதிரிகள் நிறம் மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது அவ்வாறுதான் முதன்முதலாக வெளிப்பட்டது. ஒரு மாணவியின் ஆய்வேட்டுக்காகச் செய்யப்பட்ட காரியம் அது. மாதிரி தந்தவர்களின் முகத்தைப் பார்த்தவரும், அதைச் சுமந்து வந்தவரும், சோதனையில் உடன் நின்றவரும் ஒருவரே என்பதை நான் ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் எடுத்துச் சொல்வது வழக்கம்.

அக்காலத்துச் சோதனை, கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புரதத்தைத் தேடியது. நாங்கள் கற்றதோ கிருமியின் மரபுப் பொருளையே நேராகத் தேடும் முறை. 1983-இல் காரி மல்லிஸ் கண்ட பி.சி.ஆர். என்ற யுக்தி, அவருக்கு 1993-இல் நோபல் பரிசை ஈட்டித் தந்ததோடு, உலகத்தின் நோயறிதல் முறையையே மாற்றியமைத்தது. டி.என்.ஏ.யின் இரட்டை இழையை ஏறக்குறைய 95 டிகிரி வெப்பத்தில் பிரித்து, சூட்டைத் தணித்துப் பிரைமர் என்னும் குறுந்துண்டுகளை உரிய இடத்தில் ஒட்டவைத்து, மீண்டும் 72 டிகிரிக்கு உயர்த்திப் புதிய இழையை வளரவிடுவது ஒரு சுற்று. சுற்று ஒன்றுக்கு ஒன்று இரண்டாகப் பெருகும் கணக்கில், குறையேதும் நேராவிட்டால், முப்பது சுற்றுகளில் ஒரே ஒரு பிரதி நூறு கோடியைத் தாண்டிவிடும். கொதிநிலைக்கு அருகிலும் அழியாமல் இந்த வேலையைச் செய்யும் நொதி, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் தாமஸ் பிராக் 1960-களில் கண்டெடுத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது. வெந்நீர் ஊற்றில் எது வாழ்கிறது என்று அறியும் ஆசை ஒன்றைத் தவிர வேறு பிரயோஜனம் கருதாத ஒருவரின் ஆராய்ச்சி இன்று எங்கள் மலையடிவாரத்துக் காய்ச்சல்காரனுக்கும் உதவுகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம், பயன் கேட்டுத்தான் விஞ்ஞானத்துக்குப் பணம் தரவேண்டும் என்று வாதிப்பவர்கள்மீது எனக்கு வருத்தமே மிகுகிறது.

ஒன்று நூறு கோடியாகப் பெருகுவதுதான் இம்முறையின் பலம். அதன் அபாயமும் அதுவே. நேற்றைய சோதனையில் பெருகிய பிரதிகளில் கண்ணுக்குத் தெரியாத ஒரு திவலை, கையுறையிலோ காற்றிலோ கலந்து இன்றைய குழாயில் விழுந்துவிட்டால், நோயில்லாதவனுக்கு நோய் இருப்பதாக இயந்திரம் கொஞ்சமும் தயங்காமல் சொல்லிவிடும். ஆகையினால்தான் ரசாயனங்களைக் கலக்கும் அறை, மாதிரியிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரிக்கும் அறை, பெருக்கும் அறை என மூன்றாகப் பிரித்து, முதலறையிலிருந்து மூன்றாமறைக்குப் போகலாமே ஒழிய, மூன்றாமறையில் அணிந்த மேலங்கியோடும் அங்கே தொட்ட பைப்பெட்டோடும் முதலறைக்குத் திரும்பலாகாது என்ற நியமம் ஏற்பட்டது. எங்களுக்குக் கற்பித்த ஆசிரியை ஒருவர், முதல் பருவம் முழுவதும் நிறமிட்ட தண்ணீரைத் தவிர வேறெதையும் எங்கள் கையில் தரவில்லை. ஒரு லிட்டரைப் பத்து லட்சமாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு பங்குக்கு மைக்ரோலிட்டர் என்று பெயர். அந்த அளவில் இரண்டை எடுத்து, மறுபடி எடுத்து, மறுபடியும் எடுத்து, தராசில் நிறுத்து, எங்கள் கை ஒரே அளவை எடுக்கிறதா என்று பார்த்துக்கொண்டேயிருந்தார். பொறுமையிழந்த சிலர் முணுமுணுத்தார்கள். அவர்களில் இத்தொழிலில் நிலைத்தவர்கள் எல்லோரும் இன்று தங்கள் மாணவர்களுக்கு அதே தண்ணீரைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாதிரி ஏதும் இடாமல் தண்ணீர் மட்டும் விட்டு ஒவ்வொரு தடவையும் உடன் ஓட்டும் குழாய்க்கு நெகட்டிவ் கண்ட்ரோல் என்று பெயர். அக்குழாயில் ஒரு கோடு எழும்பிவிட்டால், அன்று ஓட்டிய அத்தனை மாதிரிகளின் முடிவையும் தள்ளிவிட்டு மறுபடி தொடங்குவதே முறை. மேலிடத்து அவசரத்துக்காகவும், கிட்டின் விலையை எண்ணியும், தண்ணீர்க் குழாயில் தாமதமாக எழுந்த சிறு கோட்டைக் கணக்கில் கொள்ளாமல் விட்டுவிடலாம் என்ற யோசனை சொல்லப்படுவதை நான் கேட்டதுண்டு. அத்தகைய யோசனைக்கு இணங்காத மனத்திடத்தைத் தேர்வுத்தாளில் சோதிக்க முடியாது. ஆயினும் பட்டம் பெறுவதற்கு அதைவிட முக்கியமான தகுதி ஒன்றை நான் அறியேன்.

இவை அறைக்குள் கற்கத் தக்கவை. அறைக்கு வெளியே கற்கவேண்டியதை எனக்குக் கற்பித்தது எங்கள் ஊர்ப் பக்கத்துக் காய்ச்சல். மழை ஓய்ந்து பனி தொடங்கும் மாதங்களில், புதரோரம் ஆடு மேய்த்தவர்களுக்கும் விறகு பொறுக்கியவர்களுக்கும் விடாத காய்ச்சலும் தலைவலியும் கண்டு, கவனியாமல் விட்டால் மூச்சுத் திணறலும் சிறுநீரகப் பழுதும் நேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும் ஸ்கிரப் டைஃபஸ் என்ற நோய் இப்பிரதேசத்து மருத்துவர்களுக்கு நன்கு பழக்கமானது. ஓரியென்சியா சுட்சுகாமுஷி என்ற கிருமியை, கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒருவகை உண்ணிப்பூச்சியின் இளங்குஞ்சு கடிக்கும்போது உடம்பில் செலுத்திவிடுகிறது. கடித்த இடத்தில் பீடி நெருப்புச் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு ஒன்று பலருக்கு உண்டாகிறது. வலியும் அரிப்பும் இல்லாததாலும், அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ் போன்ற மறைவான இடங்களில் இருப்பதாலும், நோயாளிக்கே அது தெரிவதில்லை.

இந்நோயில் எந்த நாளில் எந்த மாதிரியை எடுப்பது என்பதே பாதி நோயறிதல். காய்ச்சலின் முதல் சில நாட்களில் எதிர்ப்புரதம் இன்னும் தோன்றியிராது. எலைசா சோதனை இல்லையென்றே சொல்லும். ரத்தத்தில் கிருமியின் டி.என்.ஏ. அந்நாட்களில் கிடைக்கலாம், ஆனால் நாள் செல்லச் செல்ல, அதிலும் டாக்சிசைக்ளின் என்ற மருந்தைத் தொடங்கிய பின், குறைந்துவிடும். பொருக்கிலோ மருந்து தொடங்கிய பின்னும் தடயம் கிடைப்பதுண்டு. இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆயினும் மலையோரக் குக்கிராமம் ஒன்றிலிருந்து வந்திருந்த மூதாட்டி ஒருவரிடம் பொருக்கைப் பெயர்த்தெடுக்கச் சம்மதம் கேட்க நேர்ந்தபோதுதான், படித்ததற்கும் செய்வதற்கும் உள்ள தூரம் எனக்குத் தெரிந்தது.

"ரத்தம் எடுத்துக்கினீங்க, சரி. காஞ்சுபோன இந்தப் பொருக்கு எதுக்குப்பா உனக்கு?" என்று அவர் கேட்டார்.

"உங்களைக் கடிச்ச பூச்சி காய்ச்சல் கிருமியை அங்கதான் விட்டுட்டுப் போயிருக்கு ஆயா. ரத்தத்துல கிடைக்காட்டியும் அதுல கிடைக்கும்" என்றேன்.

அவர் சற்று நேரம் யோசித்தார். "எங்க ஊட்டுக்காரருக்கும் போன தை மாசம் இப்படித்தான் இருந்துச்சு. யாரும் பார்க்கல" என்றார். பிறகு மருமகளை அருகில் வரச் சொல்லி, மறைப்புக் கட்டச் செய்து, செவிலியர் எடுக்க இசைந்தார்.

அந்த மூதாட்டி சொன்ன ஒரு வாக்கியத்தில் ஒரு குடும்பத்தின் நோய் வரலாறும், ஒரு புதரின் இருப்பிடமும், ஒரு பருவகாலமும் அடங்கியிருந்தன. ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேரும் குழாயில் ஒட்டிய சீட்டில் பெயரும் வயதும் எண்ணும் தவிர இவற்றில் எதுவும் இருப்பதில்லை. காய்ச்சல் கண்டு எத்தனை நாளாயிற்று என்ற ஒரே ஒரு விவரம் இல்லாவிட்டால், 'கிருமி காணப்படவில்லை' என்று நாங்கள் எழுதும் முடிவுக்கு என்ன அர்த்தம் என்று மருத்துவராலும் நிச்சயிக்க இயலாது. இந்நோய்க்கான சிகிச்சையில் வேலூர் மருத்துவர்களின் பங்கு உலகறிந்தது. ஜார்ஜ் வர்கீஸ் அவர்களின் தலைமையில் இந்தியாவின் பல மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகிய இரண்டையும் சிரையின் வழியே சேர்த்துக் கொடுப்பது, தனித்தனியே கொடுப்பதைவிட மேலானது என்று காட்டியது. அவ்வளவு நல்ல மருந்து கையிலிருந்தும் ஒருவர் இறப்பாரானால், நோயை நேரத்தில் அடையாளம் காணத் தவறியதே பெரும்பாலும் காரணமாகிறது.

குழாயைப் பற்றியும் சொல்லவேண்டும். ரத்தம் உறையாதிருக்க ஊதா மூடிக் குழாயில் ஈ.டி.டி.ஏ. என்ற ரசாயனமும், பச்சை மூடிக் குழாயில் ஹெப்பாரினும் இருக்கின்றன. ஹெப்பாரின் பி.சி.ஆர். நொதியைத் தடைசெய்வது, ஆகவே பச்சை மூடியில் வந்த ரத்தம் எங்களுக்கு ஏற்றதன்று. மலையிலிருந்து இறங்கி இரண்டு பேருந்து மாறி வந்த ஒருவரின் ரத்தம் மூடியின் நிறம் மாறியதால் திருப்பி அனுப்பப்படுமானால், அவர் இன்னொரு நாள் கூலியை இழந்து மறுபடி வரவேண்டும். பல பேர் மறுபடி வருவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதிரி எடுக்கும் செவிலியருக்கு இந்த நிறபேதத்தின் காரணத்தை ஐந்து நிமிஷம் எடுத்துச் சொல்லும் கடமை எங்களுடையது என்று எந்தப் பாடத்திட்டமும் எனக்குச் சொல்லவில்லை.

ஜவ்வாது மலையே உலக அளவிலான ஒரு மூலக்கூற்று ஆய்வுக்கு இடமாயிற்று என்பதை இங்கே பெருமையோடு குறிப்பிட விரும்புகிறேன். குடற்புழுக்களின் பரவலை ஒரு சமூகத்திலிருந்து அறவே நிறுத்த முடியுமா என்று அறிவதற்காக, ஆப்பிரிக்காவில் பெனின், மலாவி ஆகிய நாடுகளிலும், இந்தியாவில் திமிரி வட்டாரத்திலும் ஜவ்வாது மலையிலும் 2017 முதல் 'டீவார்ம்3' என்ற பெயரில் ஓர் ஆய்வு நடந்தது. இந்தியப் பகுதியை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் நடத்தினர். குழந்தைகளுக்கு மட்டும் கொடுத்துவந்த அல்பெண்டசோல் மாத்திரையைச் சில ஊர்களில் பெரியவர்களுக்கும் சேர்த்து வருஷத்துக்கு இரண்டு முறை மூன்று வருஷங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். நான் அதில் பங்கு பெற்றவனல்லன். எனினும் எங்கள் மலையில் நடந்தது என்பதால், அது பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

பழைய காட்டோ-காட்ஸ் முறையில் 41.7 மில்லிகிராம் மலத்தைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, முட்டைகளை எண்ணி, இருபத்து நான்கால் பெருக்கினால் ஒரு கிராமுக்கான கணக்கு வரும். செலவு குறைவு, ஆனால் கொக்கிப்புழுவின் முட்டை, தகடு தயாரித்த ஒரு மணி நேரத்துக்குள் கிளிசரினில் கரைந்தாற்போல் மறையத் தொடங்கிவிடுவதால், மலைப்பாதையில் தகடு தாமதித்தால் எண்ணிக்கையும் பொய்த்துவிடும். புழுக்கள் குறையக் குறைய, அவ்வளவு சிறிய அளவில் ஒரு முட்டையும் அகப்படாமல் போவதும் இயல்பு. ஆகவே அந்த ஆய்வின் இறுதி நிர்ணயத்துக்குப் புழுவின் டி.என்.ஏ.யைத் தேடும் கியூ.பி.சி.ஆர். முறையைக் கொண்டார்கள். அதிலும் சிரமங்கள் உண்டு. முட்டையின் ஓடு கடினமானது. நுண்மணிகளோடு சேர்த்து வேகமாகக் குலுக்கி உடைத்தாலொழிய உள்ளிருப்பது வெளிவராது. மலத்திலுள்ள பித்த உப்புக்களும் பிறவும் நொதியைத் தடுத்துப் பொய்யான 'இல்லை'யைத் தோற்றுவிக்கும். ஆகையால் நாமே அறிந்த ஒரு டி.என்.ஏ.யை மாதிரியோடு கலந்து, அது பெருகுகிறதா என்று பார்த்த பிறகே அந்த 'இல்லை'யை நம்பவேண்டும். தண்ணீர்க் குழாய் 'ஆம்' என்ற விடைக்குக் காவலாவதுபோல, இது 'இல்லை' என்ற விடைக்குக் காவல்.

காசநோயில் இந்த விவேகம் இன்னும் அவசியமாகிறது. ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியை ஆர்.பி.ஓ.பி. என்ற மரபணுவில் 81 எழுத்துக்கள் கொண்ட சிறு பகுதியின் மாற்றத்தால் இரண்டு மணி நேரத்தில் கண்டறிந்துவிடும் கருவிகள் வந்துவிட்டன. நம் நாட்டிலேயே, கோவாவில் தயாராகும் ட்ரூநாட் கருவி, பேட்டரியில் ஓடக்கூடியதாதலால், மின்சாரம் நம்பத்தகாத மலைப்பகுதிக்கும் ஏற்றது. ஆனால் இறந்துபோன கிருமியின் டி.என்.ஏ.யும் சளியில் சில காலம் தங்கும். கருவி உயிருள்ளதையும் இறந்ததையும் பிரித்தறியாது. மாத்திரைகளை முறையாகத் தின்று முடித்த ஒருவரிடம், கிருமி இன்னும் இருக்கிறது என்று ஒருவர் காகிதத்தைப் பார்த்து மட்டும் சொல்லிவிட, அந்த மனிதர் தம் வீட்டாரிடமிருந்தே ஒதுங்கித் திண்ணையில் படுத்திருந்ததை நான் அறிவேன். கருவியின் விடை சரியானதே. அதனிடம் கேட்ட கேள்விதான் பொருந்தாதது. சிகிச்சை பலித்ததா என்று அறிய கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முறையையும் நுண்ணோக்கியையும் அல்லவா கேட்டிருக்கவேண்டும்?

பெற்றோரிடமிருந்து வரும் ரத்தநோயான தலசீமியாவைப் பற்றி நீண்டு எழுத இங்கே இடமில்லை. எனினும் சொல்லாமல் விடவும் மனமில்லை. பீட்டா குளோபின் மரபணுவின் முதல் இடைத்துண்டில், ஐந்தாம் இடத்தில் 'ஜி' இருக்கவேண்டிய இடத்தில் 'சி' வந்துவிடும் மாற்றம் இந்தியர்களிடம் மிகுதியாகக் காணப்படுவது. தாயும் தந்தையும் இத்தகைய மாற்றத்தைச் சுமப்பவர்களாயின், கடும் நோயோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒன்று. கருவுற்ற பத்தாம் வாரத்துக்குப் பின் நஞ்சுக்கொடித் திசுவில் சிறிது எடுத்துச் சோதிக்கிறோம். அத்திசுவில் தாயின் திசு கலந்துவிட்டிருந்தால் விடை சிசுவினுடையதாக இராமல் தாயினுடையதாகிவிடுமாதலால், கலப்பில்லை என்று தனியாக நிரூபித்த பின்னரே கையெழுத்திட வேண்டும். ஏற்கெனவே ஒரு குழந்தையை மாதந்தோறும் ரத்தம் ஏற்ற அழைத்து வரும் தாய், அடுத்த கருவைப் பற்றிய விடைக்காக வெளித் திண்ணையில் காத்திருக்க, உள்ளே அந்தக் கலப்புச் சோதனையைச் செய்துகொண்டிருக்கும்போது கை நடுங்காதிருக்கப் பழகுவதும் இப்படிப்பின் ஒரு பாகம்.

2020-இல் வந்த பெருந்தொற்று, ஆர்.டி.பி.சி.ஆர். என்ற சொல்லை எங்கள் ஊர் டீக்கடை வரையில் கொண்டுசேர்த்தது, கருவிகள் பெருகின, படிக்க வருவோரும் பெருகினர். அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் வருபவர்களில் பெரும்பாலோர், நோயாளி ஒருவரிடம் அரைமணி நேரம் பேசியிராமலே முதுகலைப் பட்டம் பெற்றுப் போகிறார்கள். ஆய்வேட்டுக்கான மாதிரிகள் குளிர்பெட்டியில் எண்ணிட்டு அவர்களுக்காகக் காத்திருக்கின்றன. நிர்மலா அவர்களுக்குக் கிடைத்த அனுபவத்தை இவர்களுக்கு நாம் மறுத்துவிட்டோம் என்பதே என் துணிபு.

ஆகவே இத்துறையைக் கற்பிக்கும் கல்லூரிகளின் தலைவர்களுக்கு என் விண்ணப்பம் இது. இரண்டு வருஷப் படிப்பில் ஒரு காய்ச்சல் பருவத்தையாவது, அக்டோபர் தொடங்கிப் பிப்ரவரி வரையுள்ள மாதங்களில், மலையோர ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றுக்கு ஒதுக்குங்கள். மாணவர் அங்கே செவிலியரின் பக்கத்தில் நின்று சம்மதம் கேட்கட்டும், நாள் குறிக்கட்டும், குழாயைத் தாமே பேருந்தில் கொண்டுவந்து தாமே சோதிக்கட்டும். முடிவை மருத்துவரோடு சேர்ந்து மாதிரி தந்தவரிடமே திரும்பிப் போய்த் தமிழில் விளக்கட்டும். ஜவ்வாது மலையிலுள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு படிப்பு இருப்பதைப் பன்னிரண்டாம் வகுப்பிலேயே எடுத்துச் சொல்லி, அவர்களில் உயிரியல் பயில்பவர்களை உங்கள் ஆய்வுக்கூடங்களுக்கு ஒரு நாள் அழைத்துக் காட்டுங்கள். மலையின் காய்ச்சலை மலைப்பிள்ளைகளே சோதிக்கும் காலம் வரவேண்டும். அதற்கான கருவிகள் ஏற்கெனவே வந்துவிட்டன.